ஜிபிக்கு ஒரு டாலர்

மைன்கிராஃப்ட் சர்வர்களை வாடகைக்கு விடும் சிறு கடைகள் பலவற்றின் விலைப்பட்டியல் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது: ஒரு ஜிபி ரேமுக்கு மாதம் ஒரு டாலர், அல்லது அதையொட்டிய ஒரு தொகை. இந்த விலை நியாயமானதா, இதை வைத்துக் கடை நடத்த முடியுமா, ஜிபி என்ற அளவுகோலே இந்தத் தொழிலுக்குப் பொருந்துமா என்று மூன்று கேள்விகள் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்தேதான் எடை போட வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் அசைகின்றன.

இதில் எனக்கு அக்கறை வரக் காரணம் வாங்குகிறவர்கள். பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். ஐந்தாறு நண்பர்கள் சேர்ந்து ஒரு வருடம் கட்டிய ஊர் அந்த சர்வரில் இருக்கிறது. கடைக்காரரின் கணக்கு தவறினால் அவருக்குச் சில நூறு டாலர் நஷ்டம். பிள்ளைகளுக்கோ அந்த ஊரே போய்விடுகிறது. அதனால் இதை வெறும் போட்டி விலை விவகாரமாக என்னால் பார்க்க முடியவில்லை.

கடை திறப்பது மிக எளிது என்பதிலிருந்து தொடங்கலாம். ஜெர்மனியிலோ ஃபிரான்ஸிலோ ஒரு முழு இயந்திரத்தை மாத வாடகைக்கு எடுக்கலாம். டெரோடாக்டில் என்ற திறமூல பேனல் இலவசம். ஒவ்வொரு வாடிக்கையாளரின் சர்வரையும் அது டாக்கர் கண்டெய்னரில் தனித்தனியாக ஓடவிடும். பணம் வசூலிக்க ஒரு பில்லிங் மென்பொருள், பேச ஒரு டிஸ்கார்ட் அறை. விஷயம் தெரிந்த பதினாறு வயதுப் பையன் ஒரு வார இறுதியில் இவ்வளவையும் முடித்துவிடுவான். கோடை விடுமுறையில் முளைத்து, பள்ளி திறந்ததும் காணாமல் போகும் கடைகளுக்கு இந்தத் தொழிலில் ‘சம்மர் ஹோஸ்ட்’ என்றே பெயர் உண்டு. நுழைவது எளிதாக இருப்பதால் விலை அடிமட்டத்துக்கு இறங்குகிறது. நடத்துவது அவ்வளவு எளிதல்ல என்பது விலை இறங்கிய பிறகுதான் தெரியவருகிறது.

ஜிபிக்கு முன்னால் இருந்த அளவுகோல் ஸ்லாட். கவுன்டர் ஸ்ட்ரைக் காலத்தில் சர்வர் வாடகை ஆள் எண்ணிக்கையில் பேசப்பட்டது. பதினாறு பேர், முப்பத்திரண்டு பேர் என்று. அந்த விளையாட்டுக்கு அது சரி. வரைபடம் மாறாதது, ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்து மறுபடி தொடங்குவது, ஓர் ஆள் கூடினால் எவ்வளவு சுமை கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். பத்துப் பேருக்கு மேல் இடமில்லாத வால்ஹைம் போன்ற விளையாட்டுக்கு இன்றும் ஸ்லாட் கணக்கு பழுதில்லை. மைன்கிராஃப்டில் அது உடைந்துபோகிறது. அங்கே ஒரே ஆள் தனியாக உட்கார்ந்து ஆயிரக்கணக்கான ஹாப்பர்களையும் ரெட்ஸ்டோன் இயந்திரங்களையும் அடுக்கிப் பத்துப் பேரின் சுமையை ஏற்றிவிட முடியும். அவர் உலகில் சும்மா ஓடிக்கொண்டிருந்தாலே போதும், புதிய நிலப்பரப்பு உருவாகிக்கொண்டே இருக்கும். ஆளை எண்ணிப் பயனில்லை என்றாகி, கடைகள் ரேமுக்கு மாறின. ரேமை எண்ணலாம், சர்வரை ஓட்டும் ஜாவாவுக்கு ஒரு வரியில் வரம்பு போடலாம், வாங்குபவருக்கும் எளிதில் விளங்கும்.

ஆனால் மைன்கிராஃப்ட் சர்வரில் உண்மையில் தட்டுப்பாடாக இருப்பது ரேம் அல்ல. ஜாவா பதிப்பின் சர்வர் விநாடிக்கு 20 டிக் ஓட வேண்டும். ஒரு டிக்குக்குக் கிடைப்பது 50 மில்லிவிநாடி. அதற்குள் மாடு நகர வேண்டும், தண்ணீர் ஓட வேண்டும், பயிர் வளர வேண்டும், எல்லோருடைய அசைவும் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும். இந்த மையச் சுழற்சியின் பெரும்பகுதி ஒரே த்ரெட்டில், அதாவது ஒரே கோரில் நடக்கிறது. பதினாறு கோர் இருந்தாலும் அந்த ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதுதான் கேள்வி. 50 மில்லிவிநாடியைத் தாண்டினால் டிக் பிந்துகிறது. உடைத்த கல் மறுபடி முளைக்கிறது, திறந்த கதவு மூடிக்கொள்கிறது, பிள்ளைகள் ‘லேக் அடிக்குது’ என்கிறார்கள். பார்வைத் தூரம் 10 என்று வைத்தால் ஓர் ஆளைச் சுற்றி 21க்கு 21 என்ற சதுரத்தில் 441 நிலத்துண்டுகள் (சங்க்குகள்) வருகின்றன. 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்பு உலகின் உயரத்தை 256 கட்டைகளிலிருந்து 384 ஆக்கியது. சுமை கூடியது, அதற்கு முன் போட்ட விலைப்பட்டியல்களின் ஜிபி எண்ணில் அந்தக் கூடுதல் வேலைக்கு இடமில்லை.

ஜிபிக் கணக்கின் பெரிய குற்றம் இதுதான்: நல்ல கடையையும் மோசமான கடையையும் அது ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. பெரிய நிறுவனங்கள் கழித்துவிட்ட பழைய ஸியான் இயந்திரங்கள் 256 ஜிபி ரேமோடு மலிவாகக் கிடைக்கும். அவற்றின் ஒற்றைக் கோர் வேகம் புதிய ரைசனோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. பழைய இயந்திரத்தில் 8 ஜிபி வாங்கியவர், புதியதில் 4 ஜிபி வாங்கியவரைவிட மோசமாக ஆடுவார். விலைப்பட்டியலில் பார்த்தாலோ அவருக்கு இரண்டு மடங்கு கிடைத்ததாகத் தெரியும். வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாத சந்தையில், நல்ல இயந்திரத்துக்குச் செலவழிப்பவர்தான் முதலில் அடிபடுவார்.

இனி பணக் கணக்கு. ரைசன் 9 5950எக்ஸ் செயலி, 16 கோர், 128 ஜிபி ரேம் உள்ள ஓர் இயந்திரம். மாத வாடகை 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இயங்குதளம், பேனல், கோப்பு இடைச்சேமிப்பு ஆகியவற்றுக்கு 16 ஜிபி ஒதுக்கினால் விற்க 112 மிஞ்சும். தலைக்கு 4 ஜிபி வீதம் 28 சர்வர்கள். ஜிபிக்கு ஒரு டாலர் என்றால் மொத்த வசூல் 112 டாலர். அமெரிக்காவில் ஸ்ட்ரைப் போன்ற கார்டு வசூல் நிறுவனத்தின் வழக்கமான கட்டணம் 2.9 சதவீதமும், அதன் மேல் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 30 சென்ட்டும். நான்கு டாலர் பில்லில் அது ஏறக்குறைய 42 சென்ட், அதாவது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். 28 பேருக்கு 11.65 டாலர் போகிறது. மிஞ்சும் 100.35 டாலரில் வாடகை கட்டினால் கையில் நிற்பது 35 சென்ட். ஓர் இடம்கூடக் காலியில்லாமல் எல்லாம் விற்றுப்போன மாதத்தின் கணக்கு இது. இதில் பேக்கப் இல்லை, பில்லிங் மென்பொருளின் உரிமக் கட்டணம் இல்லை, இரவு ஒரு மணிக்கு டிக்கெட்டுக்குப் பதில் எழுதும் ஆளுக்கு ஒரு சென்ட்டும் இல்லை.

ஆகவே அந்த விலையில் கடை நடத்துபவர் இருப்பதைவிட அதிகம் விற்றே ஆக வேண்டும். ஓவர்செல்லிங். 28 இடத்தில் 56 பேர். இதை உடனே மோசடி என்று தள்ளிவிடுவது நியாயமல்ல. இதற்கு ஒரு வலுவான வாதம் இருக்கிறது. பெரும்பாலான சர்வர்கள் பெரும்பாலான நேரம் வெறுமனே கிடக்கின்றன. யாரும் இல்லாத சர்வருக்காக வளத்தைப் பூட்டிவைப்பது வீண். தொலைபேசி இணைப்பகமும் இணைய நிறுவனமும் இப்படிப் பகிர்ந்து கொடுத்துத்தான் விலையைக் குறைத்தன. கேம் சர்வர் மட்டும் ஏன் விதிவிலக்கு?

பகிர்வு பலிக்க வேண்டுமென்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் வரக்கூடாது. 300 இலை போடும் மண்டபத்தில் 900 பேரை அழைக்கலாம், மூன்று பந்தியாக வருவார்கள் என்ற நம்பிக்கையில். கேம் சர்வரில் எல்லோரும் முதல் பந்திக்கே வந்து உட்காருகிறார்கள். ஒரு வட்டாரத்துக்கு விற்கும் சிறு கடையின் வாடிக்கையாளர்கள் ஒரே நேர மண்டலத்தில் இருப்பவர்கள்; மாலை ஏழிலிருந்து பதினொன்று வரை, சனி, ஞாயிறு. 16 கோரில் 56 சர்வர் என்றால் ஒரு கோருக்கு மூன்றரை. ஆட்டம் சூடாக இருக்கும்போது ஒவ்வொன்றும் ஒரு டிக்குக்கு 30 மில்லிவிநாடி கேட்டால் கூட்டுத்தொகை 105, கிடைப்பதோ 50. இருபது டிக் பத்துக்கும் கீழே இறங்கிவிடும். உலகம் பாதி வேகத்தில் நகரும்.

ரேமைப் பகிர்வது இதைவிட மோசம். கோரைப் பகிர்ந்தால் வேகம் குறையும், அவ்வளவே. ரேமைப் பகிர்ந்தால் சர்வர் செத்துப்போகும். ஜாவா ஒருமுறை எடுத்த நினைவகத்தைச் சுலபத்தில் திருப்பித் தராது. அதற்கும் மேலே, பேப்பர் என்ற மைன்கிராஃப்ட் சர்வர் மென்பொருளை நடத்துபவர்கள் பரவலாகப் பயன்படுத்தும், ஐக்கர் என்ற நிரலாளர் தொகுத்த ஜாவா அமைப்புகள், தொடங்கும்போதே ஒதுக்கிய முழு நினைவகத்தையும் தொட்டு எடுத்துக்கொள்கின்றன. யாரும் ஆடாவிட்டாலும் 4 ஜிபி என்றால் 4 ஜிபிதான். இயந்திரத்தில் நினைவகம் தீர்ந்தால் லினக்ஸ் ஏதோ ஒரு புரோசஸைப் பிடித்துக் கொன்றுவிடும். உலகத்தைச் சேமிக்கும் நடுவில் அது நடந்தால் கோப்பு சிதையும். ஆக, கோரில் அளவான பகிர்வு மன்னிக்கத்தக்கது, ரேமில் பகிர்வு மன்னிக்கத்தக்கதல்ல என்பதே என் முடிவு. ஜிபிக்கு ஒரு டாலர் என்ற விலையோ, எந்தப் பண்டத்தை அளந்து விற்கிறதோ அதையேதான் இரண்டு முறை விற்கத் தூண்டுகிறது.

இயந்திர வாடகைக்கு அப்பால் இருக்கும் செலவுகளைச் சிறு கடைக்காரர்கள் தற்செயலான விபத்தாக நினைக்கிறார்கள். இவை இந்தத் தொழிலின் இயல்பான செலவுகள்.

முதலாவது தாக்குதல். 2016 செப்டம்பரில் ஃபிரான்ஸின் ஓவிஎச் என்ற தரவு மைய நிறுவனத்தின் மேல், அதுவரை உலகம் காணாத அளவில், விநாடிக்கு ஒரு டெராபிட்டைத் தாண்டிய தரவு வெள்ளம் பாய்ந்தது. அனுப்பியவை பாதுகாப்பில்லாத சிசிடிவி காமிராக்களும் வீட்டு ரவுட்டர்களும். மிராய் என்ற நிரல் அவற்றை அடிமைப்படுத்தியிருந்தது. அதே மாதம் பாதுகாப்புச் செய்தியாளர் பிரையன் கிரெப்ஸின் தளம் 620 ஜிகாபிட் தாக்குதலுக்கு உள்ளானது. மூலநிரல் வெளியான பிறகு, அக்டோபர் 21 அன்று இணையப் பெயர்களை முகவரிகளாக்கும் டைன் நிறுவனம் தாக்கப்பட்டு, ட்விட்டர் உட்படப் பல தளங்கள் அமெரிக்காவில் முடங்கின. இவ்வளவுக்கும் வேர் எங்கே இருந்தது? மைன்கிராஃப்ட் சர்வர் வணிகத்தில். நிரலை எழுதிய மூன்று இளைஞர்களும் 2017 டிசம்பரில் அலாஸ்கா கூட்டாட்சி நீதிமன்ற வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டது தெரியவந்தது. அவர்களில் பராஸ் ஜா நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். கூட்டாளி ஜோசையா ஒயிட்டோடு சேர்ந்து, தாக்குதலிலிருந்து காப்பாற்றும் சேவையை விற்கும் நிறுவனம் ஒன்றை நடத்தியவர். மைன்கிராஃப்ட் சர்வர்களும் அவற்றைக் காக்கும் போட்டி நிறுவனங்களும் அவர்களுடைய குறிகளில் முக்கியமானவை. ஒரு சர்வரை மாலை நேரத்தில் விழவைத்தால் அதன் ஆட்டக்காரர்கள் பக்கத்துக் கடைக்கு நகர்வார்கள் என்பதே இந்தச் சந்தையின் இருண்ட தர்க்கம். இதைத் தனியாளாகத் தடுக்க வழியில்லை. தடுப்பு வசதியுள்ள தரவு மையத்தில்தான் இடம் எடுக்க வேண்டும். மிக மலிவான இடத்தைத் தேடிப் போகிறவர் இதைத்தான் விட்டுக்கொடுக்கிறார்.

இரண்டாவது நெருப்பு. 2021 மார்ச் 10 அதிகாலை ஸ்ட்ராஸ்பூரில் ஓவிஎச்சின் எஸ்பிஜி2 கட்டடம் முற்றாக எரிந்தது. ரஸ்ட் விளையாட்டின் உரிமையாளர்களான ஃபேஸ்பஞ்ச், ஐரோப்பாவில் 25 சர்வர்களை இழந்ததாகவும் தரவை மீட்க முடியாது என்றும் அறிவித்தார்கள். பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை. பேக்கப்பைத் தனிக் கட்டணச் சேர்க்கையாக விற்கும் சிறு கடைகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. வேறு ஊரில் வைத்த ஒரு நகல் அடிப்படை விலைக்குள் இருக்க வேண்டியது.

மூன்றாவது, விழித்திருக்க வேண்டிய மனிதன். அதே ஆண்டு டிசம்பர் 10 வாக்கில் லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, மைன்கிராஃப்ட் சாட்டில் ஒரு வரி தட்டினாலே சர்வர் இயந்திரத்தில் அந்நிய நிரலை ஓட்டிவிட முடியும் என்ற நிலை. மைன்கிராஃப்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனம் 1.18.1 பதிப்பை உடனே வெளியிட்டது. பழைய பதிப்புகளுக்கு வேறு வேறு மருந்து: 1.17க்கு ஜாவா தொடக்க வரியில் ஒரு சேர்க்கை, 1.16 வரையிலானவற்றுக்குத் தனி அமைப்புக் கோப்பு, அதிலும் 1.12க்கு முந்தையவற்றுக்கு வேறொன்று. விளையாட்டை மாற்றியமைக்கும் மோட்களின் தொகுப்புகள் பழைய பதிப்புகளிலேயே நிற்பவை. வாடிக்கையாளர் எவர் எந்தப் பதிப்பில் இருக்கிறார் என்று பார்த்து, ஒவ்வொன்றையும் அன்றிரவே அடைத்தவர் கடைக்காரர். அந்த இரவுக்கான கூலி எந்த ஜிபியில் சேர்க்கப்பட்டிருந்தது?

மாற்று வழிகளையும் பார்த்துவிடலாம். மணிக் கணக்கில் விற்பது வாங்குபவருக்கு நல்லது. வாரத்தில் இரண்டு மாலை ஆடும் நண்பர்கள் மாதம் முழுவதற்கும் ஏன் கட்ட வேண்டும்? ஆனால் இயந்திரத்தை மாதக் கணக்கில் எடுக்கும் சிறு கடைக்காரர், உச்ச நேரத்துக்கு வேண்டிய அளவு வைத்திருந்து, மீதி நேரம் சும்மா கிடப்பதன் செலவைத் தாமே சுமக்க வேண்டும். நூற்றுக்கணக்கான இயந்திரம் உள்ளவருக்கு அது ஏற்றது, இரண்டு உள்ளவருக்கு அல்ல. முற்றிலும் இலவசம் என்றால் ஜெர்மனியின் ஏட்டர்னோஸ் இருக்கிறது. விளம்பர வருமானம், ஆளில்லாவிட்டால் சர்வர் அணைந்துவிடும், கூட்டமிருந்தால் வரிசையில் காத்திருக்க வேண்டும். எதையும் மறைக்காமல் சொல்லிவிடுவதால் அதன் மேல் எனக்கு மதிப்பு உண்டு. இன்னொரு முனையில் மொஜாங்கின் சொந்த ரியல்ம்ஸ். உரிமையாளரும் அவருடைய நண்பர்கள் பத்துப் பேரும் ஆட அமெரிக்காவில் மாதம் 7.99 டாலர். ஜாவா ரியல்ம்ஸில் மோடும் பிளகினும் போட முடியாது.

சிறு கடைக்கான நிலம் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. மோட் தொகுப்பு ஆடுபவர்கள் இலவசத்திலும் ரியல்ம்ஸிலும் திருப்தி அடைய முடியாதவர்கள். ஃபோர்ஜ், ஃபேப்ரிக் என்ற மோட் ஏற்றிகள், ஒன்றோடொன்று மோதும் இருநூறு மோடுகள், தொடங்காமல் நிற்கும் சர்வர், புரியாத பிழைப் பதிவு. அவர்களுக்கு வேண்டியது அந்தப் பதிவைப் படித்து, ‘இந்த மோடின் இந்தப் பதிப்பை எடுத்துவிடு’ என்று சொல்லும் ஆள். பெரிய நிறுவனம் இந்த ஆளை மலிவாகத் தர முடியாது. சிறு கடையால் முடியும், விலையில் அவருக்கு இடம் இருந்தால்.

ஆகவே என் தீர்ப்பு: ஜிபிக்கு ஒரு டாலர் என்பது தவறான அளவுகோலில் போட்ட தவறான விலை, அதில் நேர்மையாகக் கடை நடத்த முடியாது. திட்டங்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் செயலியின் பெயர், ஓர் இயந்திரத்தில் எத்தனை சர்வர் என்ற உச்சவரம்பு, பேக்கப் எங்கே இருக்கிறது என்ற தகவல் ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ரேம் அதற்குப் பின்னால் வரட்டும். முன்சொன்ன அதே இயந்திரத்தில் 4 ஜிபி சர்வர் ஒன்றுக்கு 10 டாலர் வைத்து, 28 இடத்தில் 22 மட்டும் நிரம்பியது என்று கொள்வோம். வசூல் 220, கார்டு கட்டணம் 13, வாடகை 100, வெளியூர் பேக்கப்புக்கும் மற்றதற்கும் 20. மீதி 87. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மாதம் அரை மணி நேரம் என்றால் 11 மணி வேலை. மணிக்கு 8 டாலருக்குச் சற்றுக் குறைவு. பெரிய லாபம் அல்ல. ஆனாலும் நாளைக்கும் திறந்திருக்கும் கடை.

பத்து டாலரை ஒரு பள்ளி மாணவன் எப்படிக் கொடுப்பான் என்று கேட்பது நியாயம். சென்னையில் அது எண்ணூறு ரூபாய்க்கு மேல். பத்து நண்பர்கள் சேர்ந்து ஆடும் இடம் அது. தலைக்கு ஒரு டாலர். அதுவும் முடியாதவர்களுக்கு, வரிசையில் நிற்கச் சொல்லும் இலவசமே, செத்துச் செத்து ஓடும் இரண்டு டாலர் சர்வரைவிட மேலானது. நம் ஊரில் தொடங்குபவருக்கு ஒரு வசதியும் உண்டு: யுபிஐ பரிமாற்றத்துக்கு வணிகரிடம் எம்.டி.ஆர். கட்டணம் வாங்கக் கூடாது என்ற ஏற்பாடு 2020 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. சிறு தொகையைத் தின்னும் அந்த 30 சென்ட் இங்கே இல்லை. எதிர்ப்பக்கம் மும்பை இயந்திரம் ஜெர்மனியைவிட விலை கூடுதல். ஜெர்மனியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றால் தூரம் விடாது. சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 7,600 கிலோமீட்டர், கண்ணாடி இழையில் ஒளி போய்வரவே 76 மில்லிவிநாடி, நடைமுறையில் பிங் நூறை நன்றாகத் தாண்டும். வீடு கட்ட அது போதும். சண்டைக்குப் போதாது. சிங்கப்பூர் 2,900 கிலோமீட்டர்தான். தென்னிந்திய ஆட்டக்காரர்களுக்கு அதையும் விசாரித்துப் பார்க்கலாம்.

இரண்டு வலைகளைத் தவிர்க்க வேண்டும். ‘ஒருமுறை கட்டு, ஆயுள் முழுக்க ஆடு’ என்ற திட்டம் ஒன்று: வாடகை மாதாமாதம் போகும், வரவு ஒரே முறை, அது கடன். மற்றது சார்ஜ்பேக். அம்மாவின் கார்டில் பையன் கட்டிய பணத்தை வங்கி திரும்பக் கேட்கும்போது தகராறுக் கட்டணம் தனியாக வரும். ஸ்ட்ரைப்பில் அமெரிக்காவில் 15 டாலர். நான்கு டாலர் திட்டத்தில் ஒரே ஒரு தகராறு அந்த வாடிக்கையாளரின் ஏறக்குறைய நான்கு மாத வரவைக் கொண்டுபோய்விடும்.

விலைக்குள் வைக்க வேண்டிய இன்னொன்று கடையை மூடும் செலவு. படிப்பு முடியும், வேலை கிடைக்கும், சலிப்பு வரும். சிறு கடை ஒருநாள் மூடத்தான் போகிறது, அதில் குற்றமில்லை. அறிவித்த நாளிலிருந்து முப்பது நாள் இயந்திரம் ஓட வேண்டும், ஒவ்வொருவரும் தம் உலகக் கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டும், முன்பணம் கட்டியவருக்கு மீதி திரும்ப வேண்டும். அந்த மாதத்தில் வரவு இராது. நம் கணக்கில் வாடகையும் பேக்கப்பும் சேர்த்து 120 டாலர், அதன் மேல் திருப்பித் தர வேண்டிய தொகை. மேலே சொன்ன 87 டாலரில் முதல் இரண்டு மாதத்தைத் தொடாமல் தனிக் கணக்கில் போட்டுவிட்டால் அது சேர்ந்துவிடும். ஜிபிக்கு ஒரு டாலர் கடையில், மாதம் 35 சென்ட் வீதம் அந்த 120ஐச் சேர்க்க இருபத்தெட்டு ஆண்டுக்கு மேல் ஆகும்.